தையல் மெஷினும் போட்டோவும் மட்டுந்தானா?

நீங்க கேட்டது இதானுங்களே தம்பி. தங்கச்சிய பொள்ளாச்சி பக்கத்துல இருந்து கேரளாவுல கொழிஞ்சாம்பாறை தாண்டி ஒரு ஊருக்குக் கட்டிக் குடுத்து ஒம்பது வருசம் ஆச்சு, ரெண்டு கொழந்தைங்க, மாப்பிள்ளை குடிச்சுட்டு வந்து அடிக்கிறாரு, மூணு தடவ அம்மா வீட்டுக்கு வந்து மூணு தடவையும் சமாதானம் பேசி திருப்பி அனுப்பியாச்சு. இப்ப யாரோ பொம்பளைங்களுக்கு வேலை செய்யற சங்கம் ஒண்ணு இருக்கு அங்க கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றாங்க, இன்னொருத்தர் அங்க போனா ஒரு தையல் மெஷின் குடுத்து போட்டோ எடுத்துட்டு அனுப்பிருவாங்கன்னு சிரிக்கிறாரு. போகலாமா, போனா நம்ம பக்கமா கேரளா பக்கமா.

தையல் மெஷின் கதை பொய்யில்லைங்க, அதை முதல்லயே ஒத்துக்கறேன். நான் பதினேழு வருசம் இந்த எல்லையோரத்துல, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம்னு செக்போஸ்ட் செக்போஸ்ட்டா ஒரு சின்ன டிரஸ்ட்டுக்கு ஃபீல்டு ஒர்க்கரா அலைஞ்சவ. ஒரு வருசம் இருபது மெஷின் குடுத்தோம், பந்தல் போட்டு பேனர் கட்டி. அடுத்த வருசம் போய்ப் பாத்தா பாதி வீட்ல மெஷின் மேல துவைச்ச துணி குமிஞ்சு கெடக்குது, ஒரு வீட்ல அது மேல டிவி. ஒரே ஊர்ல இருபது பேர் தைச்சா யாருங்க துணி குடுப்பா, அதுவும் சந்தையில திருப்பூர் ரெடிமேடு கூவிக் கூவி விக்கறப்ப. அந்தப் போட்டோவுல ஓரமா நானும் நிக்கறேன்.

ஆனா அதே சங்கத்துல வருசம் பூரா நடக்கற வேலைய யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க, ஏன்னா பாக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இருக்காது. ஒரு பொம்பளைகூட இன்னொரு பொம்பளை பஸ் ஏறி ஆபீசுக்குப் போறா, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறா, சார் மீட்டிங் போயிட்டாருன்னு சொன்னா திரும்பி வந்து அடுத்த வாரம் மறுபடி போறா. அவ்வளவுதான். காசு பணம் நாங்க குடுத்தது ரொம்பக் கம்மி, எங்ககிட்ட இருந்ததே கம்மி. கூடப் போனோம். பதினேழு வருசத்துல நான் உருப்படியா செஞ்சது என்னன்னு கேட்டா அதைத்தான் சொல்லுவேன்.

இதென்ன பெரிய விசயமான்னு தோணும். எல்லையில இருந்து பாத்தாத்தான் தெரியும். ஒரு அம்மா, பேரெல்லாம் வேண்டாம், நெத்தியில கட்டு போட்டுட்டு அந்தப் பக்கத்து ஸ்டேஷன் ஒண்ணுக்குப் போச்சு, நீங்க இப்ப தங்கியிருக்கறது தமிழ்நாட்டுல அம்மா வீட்லதானே, அங்க குடுங்கன்னாங்க. இந்தப் பக்கம் வந்தா சம்பவம் நடந்தது கேரளாவுலம்மா, அங்கதான் குடுக்கணும்னாங்க. ரெண்டு எடத்துலயும் மரியாதையாத்தான் பேசினாங்க, ஒரு எடத்துல டீ கூட வாங்கிக் குடுத்தாங்க. நாலு கிலோமீட்டருக்குள்ள அந்தம்மா ரெண்டு நாள் அங்கயும் இங்கயும் நடந்து, மூணாவது நாள் வீட்டுக்கே திரும்பிப் போயிருச்சு. ஒரு ஆள் கூட இருந்திருந்தா ரெண்டாவது ஸ்டேஷன்லயே, சார் சட்டம் அப்படிச் சொல்லலியேன்னு கேட்டிருக்கலாம்.

சட்டம் நெசமாவே அப்படிச் சொல்லலைங்க. 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல 27வது பிரிவு, பாதிக்கப்பட்ட பொண்ணு நிரந்தரமா இருக்கற எடம், தற்காலிகமா தங்கியிருக்கற எடம், வேலை பாக்கற எடம், எதிர்த்தரப்பு இருக்கற எடம், சம்பவம் நடந்த எடம், இதுல எங்க வேணா மாஜிஸ்திரேட் கோர்ட்ல மனு போடலாம்னு சொல்லுது. அங்க வாங்கற உத்தரவு இந்தியா முழுக்க செல்லும். அதாவது உங்க தங்கச்சி பொள்ளாச்சியில அம்மா வீட்ல இருந்துக்கிட்டே போடலாம், பாலக்காட்டு சித்தூர் கோர்ட்லயும் போடலாம். போலீஸ் புகாருக்கும் 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ்ங்கற புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்துல 173வது பிரிவு, குற்றம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் தகவலப் பதிஞ்சே ஆகணும்னு சொல்லுது, ஜீரோ எஃப்ஐஆர்ங்கறாங்களே அது. இந்த ரெண்டு நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க.

அப்ப எந்தப் பக்கம்? தங்கச்சி ராத்திரி பயமில்லாம எங்க தூங்க முடியுமோ அந்தப் பக்கம். முதல் முடிவு அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் அப்புறம்.

இப்ப சங்கத்துக்குப் போனா முதல் நாள் என்ன நடக்கும்னு சொல்றேன், ஏன்னா நெறைய பேர் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போறது அது தெரியாமத்தான். யாரும் உடனே புருசன விட்டுட்டு வான்னு சொல்ல மாட்டாங்க. கேஸ் போடுன்னும் சொல்ல மாட்டாங்க. கொழந்தைக்கு ஏதாச்சும் தின்ன குடுத்து வேற ரூம்ல உக்கார வச்சுட்டு, தங்கச்சிய மட்டும் தனியா வச்சு பேசுவாங்க. அண்ணன் நீங்கதான்னாலும் வெளிய உக்காரச் சொல்லுவாங்க, கோவிச்சுக்காதீங்க, வீட்டு ஆளுங்க முன்னாடி வராத பேச்சு கதவ சாத்துனா வரும். எத்தனை நாளா, எதுல அடிச்சாரு, ஆஸ்பத்திரிக்குப் போனியா, கொழந்தைங்க பாத்தாங்களா, சாப்பாட்டுக்குக் காசு குடுக்கறாரான்னு கேட்டு எழுதுவாங்க. காசு குடுக்காம பட்டினி போடறதும், வாய்க்கு வந்தபடி பேசறதும்கூட அந்தச் சட்டத்துல வன்முறைதான், அடி மட்டும் இல்ல.

அந்த எழுதறதுக்கு ஒரு மதிப்பு இருக்குங்க. சங்கம் அந்தச் சட்டத்துக்குக் கீழ சேவை அளிப்பவரா அரசாங்கத்துல பதிஞ்சிருந்தா, அவங்களே குடும்ப நிகழ்வு அறிக்கைன்னு ஒரு ஃபாரத்துல எழுதி மாஜிஸ்திரேட்டுக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். வீட்ல இருந்து வெளியேத்தக் கூடாதுன்னு உத்தரவு, செலவுக்குப் பணம், கொழந்தைங்க யாருகிட்ட இருக்கணும், எல்லாம் அந்த ஒரே மனுவுல கேக்கலாம். முதல் வாய்தா சாதாரணமா மூணு நாளுக்குள்ள, அந்த முதல் வாய்தாவுல இருந்து 60 நாளுக்குள்ள முடிக்கப் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு, நடப்புல இழுக்கும், ஆனா இடைக்கால உத்தரவு சீக்கிரம் கிடைச்சதப் பாத்திருக்கேன். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம், பொம்பளைங்களுக்கும் கொழந்தைங்களுக்கும் வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டம், 15100க்கு போன் போட்டா தாலுக்கா சட்டப்பணிகள் குழு எங்கன்னு சொல்லுவாங்க.

உடனே தங்கறதுக்கு எடம் வேணும்னா ரெண்டு மாநிலத்துலயும் மாவட்டத்துக்கு மாவட்டம் சகி ஒன் ஸ்டாப் சென்டர் இருக்கு, 2015ல வந்த திட்டம், மருத்துவம், போலீஸ், வக்கீல், கவுன்சலிங் எல்லாம் ஒரே எடத்துல, பொதுவா அஞ்சு நாள் வரைக்கும் தங்கலாம். கேரளாவுல குடும்பஸ்ரீங்கற பொம்பளைங்க அமைப்பு நடத்தற ஸ்நேஹிதா உதவி மையமும் மாவட்டத்துக்கு ஒண்ணு இருக்கு, 24 மணி நேரமும் ஆள் இருப்பாங்க. அஞ்சு நாளைக்கு அப்புறம் எங்கங்கறதுதான் கஷ்டமான கேள்வி. பையன் கொஞ்சம் பெரியவனா இருந்தா பொம்பளைங்க ஹோம்ல அம்மாகூட சேத்துக்க மாட்டாங்க, எந்த வயசு வரைக்கும்னு ஹோமுக்கு ஹோம் வேற மாதிரி சொல்லுவாங்க, போறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. போய் நின்னப்புறம் அம்மாவ உள்ளயும் பையன வெளியயும் நிறுத்தினா அந்தப் பொண்ணு அன்னிக்கு ராத்திரியே புருசன் வீட்டுக்கு பஸ் ஏறிரும்.

பொம்பளைங்க உதவி எண் 181க்கு போன் பண்றப்ப ஒரு சின்ன விசயம். நம்ம பக்கம் டவர் எப்ப எந்த மாநிலத்துது புடிக்கும்னு சொல்ல முடியாது, கெணத்தடியில நின்னா தமிழ்நாடு, வாசல்ல நின்னா கேரளா. போன் எடுத்ததும் பேர் சொல்றதுக்கு முன்னாடி மாவட்டம், ஊர், எந்த மாநிலம்னு சொல்லிருங்க. எதிர்ல மலையாளம் பேசினா பதறாதீங்க, தமிழ்னு சொன்னா ஆள் மாத்துவாங்க. மனு கூட அப்படித்தான். கேரளாவுல தமிழ் சிறுபான்மை மொழியா அறிவிச்ச பகுதி ஆபீசுங்களுக்கு தமிழ்லயே எழுதிக் குடுக்கலாம்னு 1969 ஆட்சிமொழிச் சட்டத்துலயே இருக்கு, சித்தூர் தாலுக்கா அதுல வரும். இது தெரியாம எத்தனை பொம்பளைங்க மலையாளத்துல எழுதிக் குடுக்க ஆள் தேடி, எழுதிக் குடுக்கறவன் கிட்ட வீட்டுக் கதையெல்லாம் சொல்லி, அவன் போய் டீக்கடையில சொல்லி... விடுங்க.

அந்தப் பக்கம் குடும்பஸ்ரீயப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. அது கண்டிப்பா சொல்லப்போனா தன்னார்வத் தொண்டு நிறுவனம் இல்ல, மாநில அரசோட வறுமை ஒழிப்பு இயக்கம். ஆனா உள்ள இருக்கறது பூராவும் ஊர்ப் பொம்பளைங்க, 40 லட்சத்துக்கு மேல. ஆலப்புழாவுல 1990கள் தொடக்கத்துல யுனிசெஃப் உதவியோட நடந்த ஒரு சின்ன முயற்சியில இருந்து வளந்தது, 1998 மே 17ல மலப்புறத்துல வாஜ்பாய் தொடங்கி வச்சாரு. அந்த ஆலப்புழாக் கதையில எனக்குப் புடிச்ச ஒரு விசயம் இருக்கு. எந்த வீடு ஏழை வீடுன்னு கண்டுபுடிக்க வருமானத்தக் கேக்காம ஒம்பது அடையாளம் வச்சாங்க, கக்கூஸ் இல்லாத வீடு, நல்ல தண்ணி இல்லாத வீடு, ரெண்டு வேளை சோறு இல்லாத வீடு, அஞ்சு வயசுக்குக் கீழ கொழந்தை இருக்கற வீடுன்னு. அதுல ஒண்ணு, குடிக்கு அடிமையான ஆள் இருக்கற வீடு. நாலு அடையாளம் சேந்தா ஏழை. சம்பாதிக்கற மாப்பிள்ளைதானே, சொந்த வீடுதானேன்னு நீங்க மூணு தடவ அனுப்பி வச்சீங்களே, அந்தக் கணக்குப்படி பாத்தா உங்க தங்கச்சி வீட்டுக்கு ஒரு அடையாளம் ஏற்கனவே விழுந்துருச்சு.

குடும்பஸ்ரீயில அடியில இருக்கறது அயல்கூட்டம், பத்துல இருந்து இருபது வீட்டுப் பொம்பளைங்க, வீட்டுக்கு ஒருத்தர், வாரா வாரம் ஆளாளுக்கு ஒரு வீட்ல கூடுவாங்க, பெரும்பாலும் ஞாயித்துக்கெழம. அதுக்கு மேல வார்டுக்கு ஒரு அமைப்பு, ஏடிஎஸ்ம்பாங்க, பஞ்சாயத்துக்கு ஒண்ணு, சிடிஎஸ்ம்பாங்க. வாரம் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ போடுவாங்க, அந்தக் காசுல உள்ளுக்குள்ளயே கடன் குடுத்துக்குவாங்க. பாக்கறவங்களுக்கு இது சீட்டு மாதிரி தெரியும். நான் பாத்த வரைக்கும் காச விட முக்கியமானது வாரத்துக்கு ஒரு தடவ ஒருத்தி மொகத்த இன்னும் பதினஞ்சு பேர் பாக்கறது. ரெண்டு வாரம் வரலைன்னா மூணாவது வாரம் யாராச்சும் வீட்டுக்கே வந்து ஏன் வரலைன்னு கேப்பாங்க, கதவத் தட்ட ஒரு சாக்கு இருக்கு பாருங்க. தமிழ்நாட்டுலயும் இதே மாதிரி மகளிர் குழு உண்டு, 1989ல தர்மபுரியில ஆரம்பிச்சது, நமக்கு அது கேரளாவ விட மூத்ததுதான்.

அயல்கூட்டத்துல ஒரு வில்லங்கமும் இருக்கு, சொல்லாம விட்டா தப்பு. அந்தக் கூட்டத்துல மாமியாரோ, நாத்தனாரோ, மாப்பிள்ளையோட அத்தையோ உக்காந்திருப்பாங்க. ஊர் அப்படித்தானே. அங்க போய் வாயத் தொறந்தா சாயங்காலத்துக்குள்ள விசயம் வீட்டுக்குப் போயிரும். தமிழ்நாட்டுல இருந்து வாக்கப்பட்டு வந்த பொண்ணுன்னா இன்னும் தனிமை, அவளுக்குன்னு அந்த ஊர்ல பேச அக்கா தங்கச்சி யாரும் இல்ல. அதனால சேமிப்புக்கு அயல்கூட்டம், மனசு விட்டுப் பேச ஊருக்கு வெளிய இருக்கற சங்கம்னு ரெண்டையும் வேற வேறயா வச்சுக்கறது நல்லது. நாங்களே ரெண்டு மூணு ஊர்ல வேணும்னே பக்கத்து ஊர்ல வச்சுதான் சந்திப்போம், கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வருவாங்க.

கடன் பேச்சு வந்ததால ஒண்ணு. தங்கச்சி பேர்ல மாப்பிள்ளை கடன் வாங்கியிருக்காரான்னு முதல்ல பாருங்க. நம்ம பக்கம் வாரக் கடன் கம்பெனிக்காரங்க ரெண்டு மாநிலத்துல இருந்தும் பைக்ல வருவாங்க, கையெழுத்து பொண்டாட்டி, செலவு புருசன். ரிசர்வ் வங்கி 2022ல போட்ட விதிப்படி ஒரு குடும்பம் கட்டற எல்லா மாசத் தவணையும் சேந்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகக் கூடாது, காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் வசூலுக்கு போன் பண்ணி தொல்லை பண்ணக் கூடாது, அடமானம் கேக்கக் கூடாது. இதை ஒரு சங்கத்து ஆள் ஃபோன்ல அமைதியா எடுத்துச் சொன்னா பேச்சோட தொனியே மாறும், நாங்க சொல்லி மாறியிருக்கு. பாலக்காட்டுல இந்த பிளேடு வட்டிக்காரங்கள ஒழிக்கத்தான் 2018ல முற்றத்தெ முல்லன்னு கூட்டுறவு வங்கியும் குடும்பஸ்ரீயும் சேந்து வீட்டு வாசல்லயே சின்னக் கடன் குடுக்கற திட்டம் கொண்டாந்தாங்க. பேரப் பாருங்க, முத்தத்து முல்லைக்கு மணமில்லைன்னு அவங்க பழமொழி, அதைத் திருப்பிப் போட்டிருக்காங்க.

கொழந்தைங்க விசயத்துக்கு வர்றேன், இதுதான் உங்க கேள்வியில ஒரு வரியில வந்து போச்சு, ஆனா உங்க தங்கச்சிய அந்த வீட்ல கட்டிப் போட்டிருக்கறதே இதாத்தான் இருக்கும். பெரியவனுக்கு எட்டு வயசுன்னு சொன்னீங்க, அங்க ஸ்கூல்ல டிசி வாங்காம எப்படி இங்க சேக்கறதுன்னு எல்லாரும் கேப்பாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல டிசி வரத் தாமதம்னு சொல்லி அரசுப் பள்ளியில சேக்கறத தள்ளிப் போடக் கூடாதுன்னு இருக்கு, வயசுச் சான்று இல்லைன்னும் மறுக்கக் கூடாது, எட்டாவது வரைக்கும் இது பொருந்தும். ஹெட்மாஸ்டருக்கே சில நேரம் இது ஞாபகம் இருக்காது, சங்கத்து ஆள் கூடப் போனா அன்னிக்கே பையன் பெஞ்சுல உக்காந்திருவான். ஒரு பையன அப்படிச் சேத்துட்டு வெளிய வந்தப்ப அவன் அம்மா கேட்டுது, இவ்வளவுதானா அக்கா, இதுக்காகவா நான் ரெண்டு வருசம் பொறுத்துக்கிட்டேன்னு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

மொழி ஒரு இடைஞ்சல்தான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் இருக்கு, அதுல படிச்சவன்னா இந்தப் பக்கம் வந்தாலும் சமாளிச்சுக்குவான். மலையாள மீடியம்னா தமிழ் எழுத்து தடுமாறும், மூணு நாலு மாசம் சாயங்கால டியூஷன் வேணும். நெறைய சின்னச் சங்கங்க நடத்தற சாயங்கால வகுப்பு இதுக்குத்தான் உபயோகம், ஊர்ச் சாவடியிலயோ அங்கன்வாடித் திண்ணையிலயோ ஒரு காலேஜ் புள்ளைய வச்சு நடத்துவாங்க, பாக்க ஒண்ணும் இருக்காது. ஆனா சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் ஒரு கொழந்தை வீட்ல இல்லாம வேற ஒரு பெரியவங்க கண்ணு முன்னாடி இருக்குங்கறதே பெரிசு, குடிக்கற வீட்ல அதுதான் மோசமான நேரம். கைல காயம், தன்னை அறியாம யூரின் போறது, திடீர்னு பேச்சக் கொறைக்கறதுன்னு முதல்ல கவனிக்கறதும் அந்த டியூஷன் அக்காதான். குடும்பஸ்ரீயில பாலசபைன்னு புள்ளைங்களுக்கே தனியா கூட்டம் உண்டு. கொழந்தைக்கே ஆபத்துன்னா 1098, அங்க இருந்து குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும்.

அப்புறம் ஒரு பணம் இருக்கு, கேக்காம விட்டுறாதீங்க. மிஷன் வாத்சல்யான்னு மத்திய அரசு திட்டத்துல ஸ்பான்சர்ஷிப், கைவிடப்பட்ட, விதவையான, விவாகரத்தான அம்மாவோட கொழந்தைக்கு மாசம் 4,000 ரூபாய், கிராமத்துல குடும்ப வருமானம் வருசத்துக்கு 72,000க்குள்ள இருக்கணும். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல மனு குடுக்கணும். கொழந்தைய ஹாஸ்டல்ல விடாம அம்மாகிட்டயே வளக்கறதுக்காக வந்த பணம் இது. ஒதுக்கீடு தீந்துபோச்சு அடுத்த வருசம் வாங்கம்பாங்க, மனுவ மட்டும் வாங்கச் சொல்லி ரசீது கேளுங்க.

ரேஷன் கார்டு ஒரு தனிக் கதை, சுருக்கமா சொல்றேன். நெறைய பொண்ணுங்க பேர் இன்னும் அம்மா வீட்டுக் கார்டுலயே இருக்கும், பொங்கப் பரிசு இருக்கு, 2023 செப்டம்பர்ல இருந்து உரிமைத் தொகை 1,000 ரூபாய் வேற வருது, எதுக்கு மாத்தணும்னு விட்டுருவாங்க. அப்புறம் கேரளாவுல வீடு திட்டம்னு எதுக்கு எழுதிப் போட்டாலும் கார்டு எங்கன்னு நிக்கும். தங்கச்சி பேர் எதுல இருக்குன்னு பாருங்க. முன்னுரிமைக் கார்டுன்னா மத்திய அரசு அரிசிப் பங்க எந்த மாநிலத்து ரேஷன் கடையிலயும் கைரேகை வச்சு வாங்கிக்கலாம், அதனால அரிசிக்காக அந்த வீட்ல இருக்கணும்னு ஒண்ணும் இல்ல.

மாப்பிள்ளை குடி. இதுல எல்லாரும் எங்ககிட்ட கேக்கறது, அவர எங்கயாச்சும் கொண்டுபோய்ப் போட்டு சரி பண்ணிக் குடுங்கன்னு. சித்தூர்ப் பக்கத்துக் கள்ளு கேரளா முழுக்கப் போகுது, தமிழ்நாட்டுல 1987ல கள்ள நிறுத்துனதுல இருந்து நம்ம பக்கத்து ஆளுங்களும் எல்லை தாண்டித்தான் குடிக்கறாங்க, அந்தப் பக்கத்து ஆளுங்க டாஸ்மாக்குக்கு இங்க வர்றாங்க, செக்போஸ்ட்டுல மாடு மாதிரி நடமாட்டம். கேரளாவுல குடிய மறக்க வைக்கற கலால் துறையோட விமுக்தி மையம் மாவட்டந்தோறும் இருக்கு, குடிய விடணும்னு நெனைக்கறவங்க ஒண்ணா உக்காந்து பேசற ஏஏ கூட்டம் ரெண்டு பக்கமும் நடக்குது, காசு கெடையாது. சென்னையில 1980ல ஆரம்பிச்ச டிடிகே ஆஸ்பத்திரி மாதிரி எடங்கள்ல குடிக்கறவர மட்டும் வச்சு வைத்தியம் பாக்க மாட்டாங்க, பொண்டாட்டியையும் கூட வரச் சொல்லித் தனியா உக்கார வச்சுப் பேசுவாங்க, அது ரொம்ப சரியான வழி. ஆனா ஒண்ணு கவனமா கேட்டுக்கோங்க தம்பி. குடிய நிறுத்துனா அடியும் நின்னுரும்னு நெனைக்காதீங்க. நிதானத்துல இருக்கறப்பயும் அடிக்கற ஆளுங்க நெறைய பேர பாத்திருக்கேன், ஒரு சொட்டுக் குடிக்காதவங்க வீட்டுல இருந்தும் பொண்ணுங்க வந்திருக்காங்க. குடிக்கு வைத்தியம் அது பாட்டுக்கு நடக்கட்டும், அது முடியற வரைக்கும் தங்கச்சிய அங்க வச்சுக் காத்திருக்க வேண்டாம்.

இனி சங்கத்தோட கொறைங்க. மார்ச் மாசம் ப்ராஜெக்ட் முடிஞ்சா ஏப்ரல்ல ஃபீல்டு ஒர்க்கர் இருக்க மாட்டா, உங்க தங்கச்சி கதைய முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆள் அவதான். எனக்கே ரெண்டு தடவ அஞ்சு மாசம் சம்பளம் வராம வீட்ல கோழி வித்திருக்கேன். சமாதானம் பேசி சேத்து வச்ச கணக்க வெற்றின்னு எழுதற சங்கம் இருக்கு, ஜாதி பாத்து பேசறவங்க இருக்காங்க. கவுன்சலிங்னு சொல்லி, நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மான்னு பேச ஆரம்பிச்சாங்கன்னா எந்திரிச்சு வந்துருங்க, அதை உங்க வீட்லயே மூணு தடவ சொல்லியாச்சு, பஸ் செலவு பண்ணிப் போய்க் கேக்க வேண்டாம்.

நல்ல எடமான்னு தெரிஞ்சுக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான். நாளைக்கு ஆபீசுக்கு யார் கூட வருவீங்கன்னு கேளுங்க. லெட்டர் குடுக்கறோம் நீங்க போங்கன்னா யோசிங்க. இவங்க வருவாங்கன்னு ஒரு ஆளக் காட்டி, அந்த ஆள் போன் நம்பரும் குடுத்தாங்கன்னா இருங்க. ஒரிஜினல் ஆதாரோ கார்டோ கேட்டு வாங்கி வச்சுக்கிட்டாலும், வெத்துப் பேப்பர்ல கையெழுத்து கேட்டாலும், போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடறேன்னாலும் வேண்டாம். கொழந்தைய எங்ககிட்ட விடுங்க நல்ல குடும்பம் பாத்துக் குடுக்கறோம்னு யாராச்சும் சொன்னா அது சட்டப்படியே குத்தம், அந்த வாசப்படி மிதிக்காதீங்க.

பிளாச்சிமடை நமக்கு எட்டற தூரந்தான். 2002ல கோகோ கோலா கம்பெனி வாசல்ல தண்ணிக்காக உக்காந்த மயிலம்மா பள்ளிக்கூடம் போனதில்ல. அவங்ககூட தெனமும் யாராச்சும் பந்தல்ல வந்து உக்காந்தாங்க, வருசக்கணக்கா, 2004ல கம்பெனி மூடியாச்சு. மூணாறுல 2015ல போனசுக்காக ரோட்டுல எறங்குன பெம்பிளை ஒருமையும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பொம்பளைங்கதான், எந்த யூனியன் பேரும் இல்லாம வந்தாங்க. இதெல்லாம் ப்ராஜெக்ட் இல்ல, ஃபண்டு இல்ல. எதுக்குச் சொல்றேன்னா, உங்க ஊர்ல பதிஞ்ச சங்கமே இல்லைன்னாலும் கூட வர நாலு பொம்பளைங்க கிடைப்பாங்களான்னு பாருங்க, உங்க அம்மாவோட குழுவுலயே கேட்டுப் பாருங்க.

போறப்ப எடுத்துட்டுப் போக வேண்டியது: கல்யாணப் பத்திரிக்கை இல்லைன்னா போட்டோ, கொழந்தைங்க பொறப்புச் சான்று, தடுப்பூசி கார்டு, ஆதார், பேங்க் புஸ்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவா இருந்தாலும், பழைய சீட்டும்தான். எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பி வச்சுட்டு அவ போன்ல இருந்து அழிச்சிரச் சொல்லுங்க. காயம் இருந்தா அதையும். நகை எது யாரு போட்டதுன்னு அம்மாவ ஒக்கார வச்சு எழுதி வாங்கிருங்க, அப்புறம் கேட்டா மறந்துரும்.

திங்கக்கெழம எந்த ஆபீசுக்கும் போகாதீங்க, மக்கள் குறைதீர்க்கற கூட்டத்துல நிக்க எடம் இருக்காது. செவ்வாக்கெழம கிளம்புங்க. அம்மா செவ்வாயான்னு இழுத்தா புதன்னு வச்சுக்கோங்க, அதுக்கு மேல தள்ளாதீங்க. சின்னவளுக்கு பஸ்ல கொமட்டும்னு எழுதியிருந்தீங்களே, ஜன்னல் சீட்டு பாத்து உக்காருங்க, எலுமிச்சம்பழம் ஒண்ணு கைல வச்சுக்கோங்க.